26 ஆண்டுகளாக எடுக்கப்பட்டுவரும் ஒரே முடிவு

கேள்வி: நான் 312 பக்கங்களில் ஒரு குடும்ப மர்ம நாவல் எழுதியிருக்கிறேன். 1983ஆம் ஆண்டில், இரண்டு நாள் இடைவெளியில் அக்காவுக்கும் மணமாகாத தங்கைக்கும் குழந்தை பிறக்கிறது. அக்காவின் குழந்தை இறந்துவிட, பாட்டியின் சொற்படி தங்கையின் குழந்தை அக்காவின் மகளாக வளர்கிறது. பாட்டி, அக்கா, தங்கை ஆகிய மூவரைத் தவிர வீட்டில் யாருக்கும், அக்காவின் கணவருக்கும்கூட, இது தெரியாது. 2009இல் மகளுக்குத் திருமணம் நிச்சயமாகும் வேளையில் பெயரில்லாக் கடிதங்கள் வரத் தொடங்குகின்றன. ஓர் இரத்தப் பரிசோதனை ஐயத்தைக் கிளப்புகிறது. மணமகன் அவளைப் பெற்ற தந்தையின் மகன் என்பதும் தெரிகிறது. கடைசி அத்தியாயத்தில் மரணப் படுக்கையில் இருக்கும் பாட்டி உண்மையைச் சொல்கிறாள். நாவலைப் படித்த நண்பர்கள் மூவரும் 80ஆம் பக்கத்திலேயே இரகசியத்தை ஊகித்துவிட்டதாகவும், முடிவு செயற்கையாக இருப்பதாகவும், வளர்த்த தாய் கொடியவளாகத் தோன்றுவதாகவும் சொல்கிறார்கள். இரகசியத்தை இன்னும் ஆழமாக மறைப்பது எப்படி?

அன்புள்ள வாசகருக்கு,

பிரதி முழுவதையும் இருமுறை படித்தேன். முதல்முறை ஒரு வாசகனாகவும், இரண்டாம் முறை பிரதிகளைச் செம்மையாக்குவதையே தொழிலாகக் கொண்டவனாகவும் படித்தேன். உங்கள் கேள்விக்கு நேரடியான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன்: இரகசியத்தை இன்னும் ஆழமாக மறைக்க வேண்டாம். அதை வாசகரிடம் மறைப்பதையே விட்டுவிடுங்கள். உங்கள் நண்பர்கள் 80ஆம் பக்கத்தில் ஊகித்தது உங்கள் தோல்வி அன்று. ஊகித்த பிறகும் அவர்கள் படிக்க வேண்டிய 232 பக்கங்களில், அந்த ஊகம் சரிதானா என்று சரிபார்ப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வேலை இல்லாமல் போனதுதான் சிக்கல்.

உங்கள் பிரதி அந்த முடிவை 1983இல் ஓர் இரவில் எடுக்கப்பட்டு, பெட்டியில் பூட்டி வைக்கப்பட்டு, 2009இல் திறக்கப்படும் பொருளாகக் கருதுகிறது. ஒரு குடும்ப இரகசியம் அப்படிப் பெட்டிக்குள் கிடப்பதில்லை. அதைக் காப்பதற்கு ஒவ்வொரு நாளும் உழைப்பு தேவைப்படுகிறது. பள்ளியில் சேர்க்கும் நாளில் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். "உங்கள் குடும்பத்தில் யாருக்கேனும் இந்த நோய் உண்டா?" என்று மருத்துவர் கேட்கும்போது, தன் கணவரின் பரம்பரையைச் சொல்வதா வேண்டாமா என்று வளர்த்த தாய் ஒரு நொடி தயங்க வேண்டும். குழந்தையின் மூக்கு யாரைப் போல் இருக்கிறது என்ற பேச்சு எழும்போதெல்லாம் யாராவது ஒருவர் பேச்சை மாற்ற வேண்டும். பழைய புகைப்படங்களில் எதை வைத்திருப்பது, எதை அழிப்பது என்று தீர்மானிக்க வேண்டும். அந்த மூன்று பெண்களும் 1983இல் ஒருமுறை முடிவெடுத்ததோடு நின்றுவிடவில்லை; 26 ஆண்டுகளாக அதே முடிவை மீண்டும் மீண்டும் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் அதன் விலை கூடிக்கொண்டே போகிறது. நாவலின் பதற்றம் இந்த விலையேற்றத்தில்தான் பிறக்கும்.

முதல் அத்தியாயத்திலேயே உண்மையைச் சொல்லிவிட்டால் மர்மம் போய்விடாதா என்று நீங்கள் அஞ்சலாம். சிலப்பதிகாரத்தின் பதிகத்தை நினைத்துப் பாருங்கள். கோவலன் கொலையுண்டதையும் கண்ணகி வழக்குரைத்ததையும் அது தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. ஆயினும், கோவலன் சிலம்பை எடுத்துக்கொண்டு புறப்படும் இடத்தில் நம் நெஞ்சு பதைக்கத்தான் செய்கிறது. அவனுக்குத் தெரியாதது நமக்குத் தெரியும் என்பதே அந்தப் பதைப்பின் காரணம். உங்கள் நாவலிலும் இப்படி ஓர் இடம் இருக்கிறது; ஆனால் நீங்கள் அதைப் பயன்படுத்தவில்லை. 143ஆம் பக்கத்தில் மகள், குழந்தை இல்லாத சித்தியிடம், "உங்களுக்கு ஒரு மகள் இருந்திருந்தால் என்ன பெயர் வைத்திருப்பீர்கள்?" என்று விளையாட்டாகக் கேட்கிறாள். உண்மையை நீங்கள் மறைத்திருப்பதால் அது வெறும் உரையாடலாகக் கடந்துபோகிறது. வாசகருக்கு உண்மை தெரிந்திருந்தால், சித்தி பதில் சொல்வதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் முழுவதும் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்.

இரத்தப் பரிசோதனைக் காட்சியில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தாமல் நூல் வெளிவரக் கூடாது. தந்தை ஏ பிரிவு, தாய் பி பிரிவு, மகள் ஓ பிரிவு என்று எழுதி, "இது நடக்கவே முடியாது" என்று ஒரு மருத்துவரின் வாயில் சொல்ல வைத்திருக்கிறீர்கள். இது நடக்கக்கூடியதே. ஏ பிரிவுத் தந்தையும் பி பிரிவுத் தாயும் ஓ மரபணு ஒன்றை மறைவாகச் சுமந்திருந்தால், அவர்களுக்குப் பிறக்கும் குழந்தை ஏ, பி, ஏபி, ஓ ஆகிய நான்கில் எந்தப் பிரிவாகவும் இருக்கலாம். மருத்துவரே தவறு செய்வதாகக் காட்டினால், அதைக் கண்டுகொள்ளும் வாசகர் அதன் பிறகு உங்களை நம்ப மாட்டார். உங்களுக்குத் தேவையான முரண்பாடு வேறு. தந்தையை ஏபி பிரிவாக்குங்கள். ஏபி பிரிவினர் தம் குழந்தைக்கு ஏ அல்லது பி மரபணுவில் ஒன்றைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பதால், அவருக்கு ஓ பிரிவுக் குழந்தை பிறப்பது வழக்கமான மரபுவழியில் இயலாது. பெற்றவளான தங்கையை மட்டும் ஏபி பிரிவாக்கிவிடாதீர்கள்.

வழக்கமான மரபுவழியில் இயலாது என்று நான் எழுதியதில் ஒரு விதிவிலக்கு ஒளிந்திருக்கிறது. உங்கள் நாவலின் உண்மையான இயந்திரம் அதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. 1952இல் பம்பாயில் மருத்துவர் பெண்டேயும் அவருடன் பணியாற்றியவர்களும் ஓர் அரிய இரத்தப் பிரிவைக் கண்டறிந்தார்கள். 'பாம்பே' இரத்தப் பிரிவு என்றே அது இன்றும் அழைக்கப்படுகிறது. ஏ, பி ஆகிய அடையாளங்கள் உருவாவதற்கு அடித்தளமான எச் என்னும் பொருள் இப்பிரிவினரின் இரத்த அணுக்களில் இருப்பதில்லை. அதனால் ஒருவர் ஏ அல்லது பி மரபணுவைச் சுமந்திருந்தாலும், மேலோட்டமான பரிசோதனையில் அவர் ஓ பிரிவைப் போலவே தோன்றுவார். ஏபி பிரிவுத் தந்தைக்கு ஓ பிரிவு போலத் தோன்றும் குழந்தை பிறக்க இப்படி ஒரு வழி உண்டு. இது மிக அரிது, ஆனால் உண்மை.

இப்போது வளர்த்த தாயின் இடத்தில் நின்று பாருங்கள். மகள் பரிசோதனைத் தாளை ஏந்தி வந்து கேள்வி கேட்கிறாள். தாய்க்கு உண்மை தெரியும். எங்கோ படித்தோ கேட்டோ அறிந்த இந்த அரிய பிரிவு அவளுக்கு நினைவுக்கு வருகிறது. "உனக்கு இருப்பது சாதாரண ஓ பிரிவு அன்று, குழந்தையாக இருந்தபோதே மருத்துவர் சொல்லியிருக்கிறார்" என்று சொல்லிவிடுகிறாள். மகள் நிம்மதி அடைகிறாள். ஐயம் தீர்ந்து, திருமணமும் நடக்கிறது. ஆனால் 'பாம்பே' பிரிவினருக்குச் சாதாரண ஓ பிரிவு இரத்தத்தைச் செலுத்தக் கூடாது. தம் பிரிவைச் சேர்ந்தவரின் இரத்தத்தையே அவர்கள் பெற முடியும். இதைப் பொறுப்புள்ள மகள் படித்துத் தெரிந்துகொள்வாள், கணவனிடம் சொல்வாள், பணப்பையில் ஒரு சீட்டு எழுதி வைத்துக்கொள்வாள். பிறகு ஒரு நாள் அவள் குருதிப்போக்குடன் மருத்துவமனையில் நினைவின்றிக் கிடக்கிறாள். கணவன் அந்தச் சீட்டை நீட்டுகிறான். அருகில் ஓ பிரிவு இரத்தம் தயாராக இருக்கிறது. அதை ஏற்றலாம் என்று அந்த அறையில் உறுதியாக அறிந்தவள் தாய் ஒருத்தியே. அவள் வாய் திறந்தால் 26 ஆண்டுக் காலப் பொய் உடைந்துவிடும்.

இந்தக் காட்சியை எழுதினால் ஓர் அளவைக் காக்க வேண்டும். இரத்த வங்கியில் உரிய முறையில் பொருத்தம் பார்த்தால், மகள் அந்த அரிய பிரிவைச் சேர்ந்தவள் அல்லள் என்பது தானாகவே தெரிந்துவிடும். ஆகவே தாமதத்தைப் பல மணி நேரத்துக்கு இழுக்காதீர்கள். உங்களுக்குத் தேவைப்படுவது சில நிமிடங்கள்தாம். தாய் பேசாவிட்டாலும் சற்று நேரத்தில் ஆய்வுக்கூடம் பேசிவிடும் என்பதை அவள் அறியாதிருப்பது அந்த நிமிடங்களை இன்னும் கனமாக்கும். தான் பேசாமல் மகளின் உயிரை எத்தனை நிமிடம் பணயம் வைத்தாள் என்பது, பின்னாளில் மகள் அவளிடம் கேட்கப்போகும் கேள்வியாகவும் அமையும். இரகசியம் வெளிப்படுவதைக் காட்டிலும் இந்தக் கேள்விக்கு விடை சொல்வது அந்தத் தாய்க்குக் கடினம்.

இந்தக் காட்சியை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. அரிஸ்டாட்டில் தமது கவிதையியலில், எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக நிகழ்ச்சி திரும்புவதற்கு, அறியாமலே தந்தையைக் கொன்று தாயை மணந்தவனின் கதையான ஈடிபஸ் என்னும் கிரேக்க நாடகத்தையே எடுத்துக்காட்டாகத் தருகிறார். தன் தாயையே மணக்க நேருமோ என்ற ஈடிபஸின் அச்சத்தைப் போக்கவே தூதன் வருகிறான். அச்சத்தைப் போக்க அவன் சொல்லும் செய்தியே ஈடிபஸ் யார் என்பதை வெளிக்கொணர்ந்துவிடுகிறது. ஆறுதல் சொல்ல வந்த வாயே அழிவைத் திறந்துவிடுகிறது. உங்கள் கதையில் தாய் சொல்லும் பொய்யும் இத்தன்மையதே. அதே நூலில் அரிஸ்டாட்டில், தழும்பு போன்ற புற அடையாளங்களால் ஒருவரை இன்னார் என்று அறிவதை மிகக் குறைந்த கலைத்திறன் உடையதாகவும், நிகழ்ச்சிகளின் ஓட்டத்திலிருந்தே அறிதல் பிறப்பதைச் சிறந்ததாகவும் வரிசைப்படுத்துகிறார். இப்போதைய பிரதியில் இருக்கும் பரிசோதனைத் தாள் ஒரு தழும்பு மட்டுமே. அது ஒரு பொய்யைப் பிறப்பித்து, அந்தப் பொய் ஓர் ஆபத்தைப் பிறப்பிக்கும்போதுதான் அது கதையின் உறுப்பாகும்.

எதிர்பாராத விளைவு என்றால் என்ன என்பதையும் சற்றுக் கறாராக வரையறுத்துக்கொள்வது நல்லது. சமூகவியல் அறிஞர் ராபர்ட் மெர்ட்டன் 1936இல் எழுதிய கட்டுரை ஒன்றில், நோக்கத்தோடு செய்யப்படும் செயல்கள் எதிர்பாராத விளைவுகளைத் தருவதற்கான காரணங்களை ஆராய்ந்தார். அறியாமை, கணிப்பில் பிழை, உடனடி நலனின் நெருக்கடி வேறெதையும் பார்க்கவிடாமல் செய்வது, ஒருவர் உயிராகப் போற்றும் விழுமியமே விளைவைச் சிந்திக்கவிடாமல் தடுப்பது ஆகியவை அவர் சொன்ன காரணங்களுள் அடங்கும். உங்கள் மூன்று பெண்களையும் இந்த வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். அக்காவை ஆட்டிப்படைப்பது அந்த இரவின் நெருக்கடி: கைகள் வெறுமையாக இருக்கின்றன, அருகில் ஒரு குழந்தை அழுகிறது. பாட்டியைக் குருடாக்குவது குடும்ப மானம் என்னும் விழுமியம். தங்கையின் பிழை கணிப்புப் பிழை. அருகிலேயே இருந்து பார்த்துக்கொண்டிருந்தால் போதும், வலி தாங்கக்கூடியதாக இருக்கும் என்று அவள் நம்பினாள். மூவரும் ஒரே முடிவுக்கு வெவ்வேறு வாசல்கள் வழியாக வந்தவர்கள். உங்கள் பிரதியில் மூவரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். பாட்டி பேசியதையும் அக்கா பேசியதையும் இடம் மாற்றி வைத்தாலும் வேறுபாடு தெரியாது.

அறியாமை என்ற காரணத்துக்கு உங்கள் கதை அமைந்திருக்கும் காலமே சான்றாக இருக்கிறது. நீங்கள் 1983ஐத் தற்செயலாகத் தேர்ந்தெடுத்தீர்களா என்று தெரியாது; அருமையான தேர்வு. மரபணுக் கைரேகை முறையைப் பிரிட்டிஷ் மரபியல் அறிஞர் அலெக் ஜெஃப்ரிஸ் கண்டறிந்தது 1984இல். அந்த இரவில் முடிவெடுத்தவர்களுக்கு, ஒரு துளி இரத்தமோ ஒரு முடியின் வேரோ ஒருநாள் இவள் யார் மகள் என்று சொல்லிவிடும் என்று கற்பனை செய்யக்கூட வழியில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல, செய்தித்தாளில் அப்படியொரு சோதனையைப் பற்றிய முதல் செய்தியைப் படித்த காலையில் அந்தத் தாய்க்கு எப்படி இருந்திருக்கும்! உலகம் மெல்ல மெல்லத் தன் இரகசியத்தை நோக்கி நடந்து வருவதை அவள் வீட்டுக்குள் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இதற்கு ஒரு முழு அத்தியாயம் கொடுக்கலாம்.

பெயரில்லாக் கடிதங்களை நீக்கிவிடுங்கள். வெளியாள் ஒருவன் மிரட்டினால் குடும்பம் ஒன்று சேர்ந்துவிடும். உங்களுக்குத் தேவை குடும்பத்துக்குள்ளேயே ஒருவர் முகத்தை மற்றவர் கவனித்துக்கொண்டிருக்கும் நிலை. கடிதம் எழுதியவன் பணத்தாசை பிடித்த பழைய மருத்துவமனை ஊழியன் என்று தெரியவரும்போது, அவன்மேல் நமக்குக் கோபம்கூட வருவதில்லை.

மணமகன் உடன்பிறந்தவனாக அமைவது இதைவிடப் பெரிய இடர்ப்பாடு. தற்செயல் நிகழ்ச்சிகளை அறவே விலக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கோவலன் சிலம்பை விற்கச் சென்று கேட்ட பொற்கொல்லனே அரசியின் சிலம்பைத் திருடியவன் என்பது தற்செயல்தான். அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை, ஏனெனில் அந்தத் தற்செயல் துன்பத்தைத் தொடங்கி வைக்கிறது. இரு குழந்தைகளும் இரண்டு நாள் இடைவெளியில் பிறந்ததை உங்கள் வாசகர்கள் ஏற்றுக்கொண்டதும் இதே காரணத்தால்தான். ஆனால் கதை உச்சத்தை நெருங்கும் வேளையில், உலகத்தில் உள்ள எத்தனையோ ஆண்களில் அவள் அண்ணனே வந்து அவளைக் காதலித்தான் என்றால், விளைவு என்ற சொல்லே பொருளற்றுப் போகிறது. அந்த முடிவிலிருந்து இது விளையவில்லை. ஆசிரியரின் கையிலிருந்து விழுந்திருக்கிறது.

இந்த உறவு உங்களுக்குக் கட்டாயம் தேவையென்றால், அதை யாரேனும் ஒருவரின் அன்பினால் நேரச் செய்யுங்கள். தங்கை தன்னைக் கைவிட்டவனிடம் பல ஆண்டுகளுக்குப் பிறகு, காரணத்தை முழுவதும் சொல்லாமல், "என் அக்கா மகளின் மேற்படிப்புக்கு உதவு" என்று கேட்டிருக்கலாம். தான் பெற்ற குழந்தைக்கு அவள் தந்தையின் வழியாக ஏதாவது கிடைக்கட்டும் என்ற ஒரு சிறிய நியாய உணர்வுதான் அது. அந்த உதவியின் வழியாகவே இரண்டு குடும்பங்களுக்கும் பழக்கம் ஏற்பட்டு, இளையவர்கள் இருவரும் சந்தித்தால், அப்போது அந்தச் சந்திப்புக்குப் பொறுப்பானவள் தங்கை. அவர்கள் நெருங்குவதை முதலில் கவனிப்பவளும் அவளாகவே இருப்பாள். அக்காவிடம் சொல்ல வேண்டுமென்றால், தான் அவனைச் சந்தித்ததையும் சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் இதையும் இரத்தப் பிரிவுக் காட்சியையும் ஒரே நாவலில் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். என்னைக் கேட்டால் இரத்தப் பிரிவையே வைத்துக்கொள்ளச் சொல்வேன்; மணமகன் யாரோ ஒரு நல்லவனாக, இந்த இரகசியத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதவனாக இருக்கட்டும். அவன் அப்பாவித்தனத்தில் நீட்டும் அந்தச் சீட்டு இன்னும் கூர்மையாகக் குத்தும்.

வளர்த்த தாய் கொடியவளாகத் தெரிவதற்குக் காரணம் அவள் செய்த செயல் அன்று. 1983இன் அந்த இரவை நீங்கள் நான்கு பக்கங்களில், அதுவும் பாட்டியின் மரணப் படுக்கைப் பேச்சாகவே எழுதியிருக்கிறீர்கள். எது சரி, எது தவறு என்பது தெரிந்துவிட்ட பிறகு நினைவுகூரப்படும் இரவு அது. அந்த இரவை அது நடக்கும்போதே எழுதுங்கள். அதில் இருப்பவர்கள் யாருக்கும் நாளை தெரியக் கூடாது. தங்கைக்கு முன்னால் இருந்த வழிகள் எவை, ஒவ்வொன்றின் முடிவிலும் அவள் என்ன கண்டாள் என்பதை வாசகர் பார்க்க வேண்டும். 'வேறு என்னதான் செய்திருக்க முடியும்?' என்று அவர் ஒரு கணமாவது மனத்துக்குள் கேட்டுக்கொண்டால், பிறகு நேரும் ஒவ்வொரு துன்பத்திலும் தமக்கும் பங்கிருப்பதாக உணர்வார். இறந்த குழந்தையை யார் எடுத்துச் சென்றார்கள், அதற்குப் பெயர் இருந்ததா என்பதையும் நீங்கள் எழுதவில்லை. ஒரு குழந்தை இறந்திருக்கிறது. அதற்காக அழக்கூட உரிமையில்லாமல் அந்தத் தாய் 26 ஆண்டுகளாக வாழ்கிறாள். அதைச் சொல்லாமல் அவளைப் புரிந்துகொள்ளுமாறு வாசகரிடம் கேட்க முடியாது.

பாட்டியின் வாக்குமூலம் தேவைப்படாது. இறக்கப்போகிறவருக்கு உண்மையைச் சொல்வதால் இழப்பதற்கு எதுவும் இல்லை. இழக்க எதுவும் இல்லாதவர் பேசும்போது பதற்றமும் இருப்பதில்லை. இருவருமே தாங்க முடியாத விலையைக் கொடுக்கப்போகிறவர்கள் என்பதால், உண்மையைத் தாய் சொல்ல வேண்டும் அல்லது சித்தி சொல்ல வேண்டும்.

திருத்த உட்காருவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு பெரிய தாளில் இடப்பக்கம் எல்லாப் பாத்திரங்களின் பெயர்களையும், மேலே ஆண்டுகளையும் எழுதி, ஒவ்வொரு கட்டத்திலும் அந்த ஆண்டில் அவருக்கு என்ன தெரியும், எதைத் தெரியும் என்று தவறாக நம்புகிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் உங்கள் பிரதிக்கு அப்படி ஒரு தாள் தயாரித்தேன். தந்தையின் வரிசை முழுவதும் வெறுமையாக இருந்தது. 26 ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்த ஒரு மனிதர் எதையும் கவனிக்கவில்லையா? அவருக்குத் தெரிந்திருந்து, தெரிந்ததை அவரும் மறைத்திருந்தால்? மூன்று பெண்களும் யாரிடமிருந்து இரகசியத்தைக் காத்தார்களோ அவரும் தம் பங்குக்கு அதை அவர்களிடமிருந்து காத்தார் என்ற சாத்தியத்தை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். மருத்துவமனைக் காட்சியில் தாய் வாய் திறக்கத் தயங்கும் நிமிடங்களில் அவரும் அந்த அறையில் நிற்கிறார்.

இவ்வளவு மாற்றங்களைச் சொன்ன பிறகு, மாற்றக் கூடாத ஒன்றையும் சொல்ல வேண்டும். 214ஆம் பக்கத்தில், ஏழு வயதுச் சிறுமியின் தலைமுடியைச் சித்தி வாரிவிட்டுக்கொண்டிருக்கிறாள். அக்கா அறைக்குள் நுழைகிறாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. சித்தி சீப்பை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போகிறாள். பாதி வாரிய தலையோடு சிறுமி இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறாள். மூன்றே வரிகள். பிரதியை எத்தனை முறை திருத்தினாலும் அந்த மூன்று வரிகளை அப்படியே விட்டுவிடுங்கள். அவற்றை முதல் அத்தியாயத்துக்கு அடுத்து, வாசகருக்கு உண்மை தெரிந்த உடனே வரும் இடத்துக்கு மட்டும் நகர்த்துங்கள்.